ஒரே களத்தில் இரண்டு தேசிங்கு ராஜா: ஒற்றைக் கார்டுகளும் நகல் கார்டுகளும்

நம் பக்கத்துக் கதைகளை வைத்து யாராவது ஒரு மாயாஜாலச் சீட்டாட்டம் போட்டால், முதல் கார்டாகத் தேசிங்கு ராஜாதான் அச்சாவார். செஞ்சியை ஒட்டிய வல்லம் வட்டாரத்தில் அவர் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. 1714-இல் ஆர்க்காட்டு நவாபு சதத்துல்லா கானின் படையோடு மோதி உயிரை விட்ட இளைஞர். பாராசாரிக் குதிரை, உயிர்த் தோழன் மோவுத்துக்காரன், ராஜகிரிக் கோட்டை, பேர் தெரியாத சிப்பாய்கள் என்று ஒரு முழுக் கட்டுக்கு வேண்டிய சரக்கு அந்தக் கதையிலேயே இருக்கிறது.

இப்படி ஓர் ஆட்டம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஆடுகிற இருவரும் கடையில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிச் சேர்த்ததிலிருந்து ஆளுக்கொரு கட்டு கோத்து எடுத்து வருகிறார்கள். நான் தேசிங்கு ராஜாவைக் களத்தில் இறக்குகிறேன். எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே தன் கையிலிருந்தும் ஒரு தேசிங்கு ராஜாவை இறக்குகிறார். சிப்பாய் கார்டு என்றால் பத்து வந்தாலும் கேள்வி இல்லை. படை என்றால் பலபேர் இருப்பார்கள். தேசிங்கு ஒருவர்தானே? இரண்டாவதாக வந்தவரை என்ன செய்வது?

விடைகள் நான்குதான் சாத்தியம். முதலில் வந்தவர் இருக்கட்டும், அடுத்தவருக்கு இடமில்லை எனலாம். இருவரும் அழிந்துபோகட்டும் எனலாம். ஆளுக்கு ஒருவர் வைத்துக்கொள்ளட்டும் எனலாம். இல்லாவிட்டால் இதெல்லாம் வெறும் காகிதம், எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று கண்டுகொள்ளாமலும் விடலாம். இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்ததான ‘மேஜிக்: தி கேதரிங்’ முப்பது ஆண்டுகளில் இவற்றில் முதல் மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறது. மற்ற ஆட்டங்கள் ஆளுக்கொரு விடையைப் பிடித்துக்கொண்டன. எந்த விதியும் சும்மா வரவில்லை. பின்னால் ஒரு தகராறோ ஒரு குறுக்குப் புத்தியோ இருந்திருக்கிறது.

வழக்கமான சீட்டுக்கட்டில் இந்தச் சிக்கலே கிடையாது. 52 சீட்டும் 52 தனி ஆள். பழைய கஞ்சீபாக் கட்டுகளிலும் அப்படித்தான்: தசாவதாரக் கஞ்சீபாவில் பத்து அவதாரத்துக்கும் பன்னிரண்டு பன்னிரண்டாக 120 சீட்டு, ஒவ்வோர் அவதாரத்துக்கும் ஒரு ராஜா, ஒரு மந்திரி, மீதி எண் சீட்டுகள். இரட்டை என்ற பேச்சே எழாது.

இரட்டை வருவது ரம்மியில். நம் ஊரில் ஆடுகிற பதின்மூன்று சீட்டு ரம்மிக்கு இரண்டு கட்டைக் கலக்கிப் போடுகிறோம். ஆகவே ஒவ்வொரு சீட்டும் இரண்டு உண்டு. அங்கே நகலுக்கு ஒரு கறாரான விதி இருக்கிறது. ஒரே எண்ணில் மூன்றோ நான்கோ சேர்த்து செட் போடும்போது எல்லாம் வேறு வேறு ஜாதியாக இருக்க வேண்டும். ஆட்டின் ஏழு இரண்டையும் ஸ்பேட் ஏழையும் சேர்த்து டிக்ளேர் பண்ணினால் செல்லாது, முழுப் பாயின்ட் தலையில் விழும். அப்படியானால் இரண்டாவது ஆட்டின் ஏழு வீணா? நல்ல ஆட்டக்காரர் அப்படி நினைக்க மாட்டார். இரண்டும் என் கையில் இருந்தால் எதிராளி ஆட்டின் ஆறையும் எட்டையும் வைத்துக்கொண்டு நடுச்சீட்டுக்கு ஆட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஜோக்கர் இருந்தால்தான் தப்பிப்பார். நகலால் எனக்கு நேரடி லாபம் இல்லை, எதிராளிக்கு நஷ்டம் உண்டு. இதே தந்திரம் கொஞ்சம் உருமாறி மாயாஜால ஆட்டங்களிலும் தலைகாட்டுகிறது.

பள்ளிக்கூட வாசலில் விற்ற மல்யுத்த டிரம்ப் கார்டுகள் இன்னொரு படி. உயரம், எடை, மார்பளவு, ரேங்க் என்று போட்டு, ஒருவர் ஒரு விவரத்தைச் சொல்ல, அதில் மேலே இருப்பவருக்குக் கார்டு போகும். ஒரு கட்டுக்குள் எல்லா வீரரும் ஒற்றைதான். இரண்டு பேர் கட்டையும் கலந்து ஆடினால்தான் அண்டர்டேக்கருக்கும் அண்டர்டேக்கருக்கும் சண்டை வரும். எல்லா விவரமும் சமம், எதைச் சொன்னாலும் டிரா. இரண்டு கார்டையும் நடுவில் போட்டுவிட்டு, அடுத்த சுற்றில் ஜெயிப்பவர் அள்ளிக்கொள்வார். இதைவிடச் சுத்தமான தீர்ப்பைப் பெரிய கம்பெனிகள்கூட எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. இடைச்செருகலாக ஒன்று: 1994 ஆகஸ்டில் நடந்த சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் நிஜமாகவே ஒரு போலி அண்டர்டேக்கரை மேடையேற்றி அசல் அண்டர்டேக்கரோடு மோதவிட்டார்கள். அசல்தான் ஜெயித்தது.

அதே 1994-தான் மேஜிக் ஆட்டத்துக்கும் இந்த வழக்கில் முக்கியமான வருடம். அதற்கு முன்பு 1993-ஐச் சொல்ல வேண்டும். கணித ஆய்வாளரான ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்ட அந்த ஆட்டம் 1993 ஆகஸ்டில் வந்தபோது, ஒரே கார்டை ஒரு கட்டில் எத்தனை வைக்கலாம் என்பதற்கு வரம்பே இல்லை. கட்டு குறைந்தது நாற்பது கார்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான். மற்ற பலகை ஆட்டங்களுக்குச் செலவழிக்கிற அளவுக்குத்தான் இதற்கும் செலவழிப்பார்கள், ஓர் ஊருக்கு நாலைந்து பாக்கெட் போனால் அபூர்வக் கார்டு தானாகவே அபூர்வமாக இருக்கும் என்பது கணக்கு. முதல் பதிப்பில் அச்சடித்த 26 லட்சம் கார்டும் கடகடவென்று விற்றுப்போயின. கையில் காசு இருந்தவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். பிளாக் லோட்டஸ் மாதிரி மிக வலுவான ஒரே கார்டை அடுக்கடுக்காகக் கட்டில் சொருகிக்கொண்டு, எதிராளி முதல் கார்டைத் தொடுவதற்குள் ஆட்டத்தை முடித்தார்கள்.

ஆகவே 1994-இல் போட்டிகளுக்கு விதி வந்தது: கட்டு குறைந்தது அறுபது, ஒரே பெயருள்ள கார்டு அதிகபட்சம் நான்கு, மிகவும் கொடியவை ஒன்றே ஒன்று. மந்திரம் போடச் சக்தி தருகிற சாதாரண நிலக் கார்டுகளுக்கு மட்டும் விலக்கு. இந்த நான்குக் கணக்கு கதையிலிருந்து வந்ததல்ல, மடிப்பணத்தைப் பார்த்துப் போட்டது. நாற்பது வாங்கியவனும் நான்குதான் வைக்க முடியும் என்றால் வசதியுள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையே உள்ள பள்ளம் கொஞ்சமாவது தூரும். போக்கிமான் ஆட்டம் 1996-இல் ஜப்பானில் வந்தபோது அதே அறுபதும் நான்கும் அங்கேயும் வந்தன. யூ-கி-ஓ மூன்றோடு நிறுத்தியது. 2014-இல் கணினியில் வந்த ஹார்த்ஸ்டோனில் முப்பது கார்டு, சாதாரணமானவை இரண்டு, லெஜண்டரி ஒன்று.

விதி என்றால் விலக்கும் உண்டு, இதில் மேஜிக்காரர்களின் குறும்பு நன்றாகத் தெரியும். முதல் பதிப்பிலேயே ‘பிளேக் ராட்ஸ்’ என்று ஓர் எலிக் கார்டு. களத்தில் எத்தனை எலியோ அத்தனை பலம் ஒவ்வொன்றுக்கும். நான்கு என்று வரம்பு வந்ததும் அந்த எலிகளின் கதை முடிந்தது. பத்து வருடம் கழித்து, 2004-இல், ‘ரிலென்ட்லெஸ் ராட்ஸ்’ என்று வேறோர் எலியை அச்சிட்டு, இதை எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று கார்டின் மேலேயே எழுதிவிட்டார்கள். 2019-இல் வந்த ஏழு குள்ளர் கார்டை ஏழு வரை வைக்கலாம். 2023-இல் டோல்கீனின் உலகத்தை வைத்து வந்த தொகுப்பில் நாஸ்கூல் கார்டை ஒன்பது வரை வைக்கலாம், ஏனென்றால் கதையில் மோதிர ஆவிகள் ஒன்பது பேர். விதியைக் கதைக்காக வளைத்த இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

தேசிங்கு வழக்குக்கு வருவோம். 1994 ஜூனில் ‘லெஜண்ட்ஸ்’ தொகுப்பு வெளிவந்தது. அதுவரை கார்டில் இருந்தவை பெரும்பாலும் இனங்கள்தாம்: ஒரு பூதம், ஒரு காட்டேரி, ஒரு வில்லாளி. லெஜண்ட்ஸை வடிவமைத்த ஸ்டீவ் கானர்டும் அவர் நண்பர்களும் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆட்டத்தில் தாங்கள் வருடக்கணக்காக வளர்த்த பாத்திரங்களைப் பெயரோடு கார்டில் ஏற்றினார்கள். பெயர் வந்ததும் ஆள் ஒருவர் ஆகிவிடுகிறார். அதனால் ஒரு புது விதியும் கூடவே பிறந்தது: லெஜண்டு ஒருவர் களத்தில் இருக்கும்வரை அதே பெயரில் இன்னொருவர் வந்தால், வந்தவர் நேரே சுடுகாட்டுக்கு, அதாவது கழித்த கார்டுகளின் அடுக்குக்குப் போவார். முதலில் யார் இறக்கினாலும் சரி, மேசைக்கே அவர் ஒருவர்தான். தொடக்கத்தில் போட்டிக் கட்டில் ஒரு லெஜண்டு ஒரு பிரதிதான் என்ற கட்டுப்பாடும் இருந்தது. அது பிற்பாடு தளர்ந்தது. பெயர் பெற்ற ஊர்களும் கோட்டைகளும் கூட இதே விதிக்குள் வந்தன. ராஜகிரிக் கோட்டை இரண்டு இருக்க முடியாதல்லவா?

கதைக்கு இது கச்சிதமான விதி. ஆட்டத்துக்கு அப்படியில்லை. முந்தினவருக்கே பந்தி என்றால், இருவரும் ஒரே கட்டை ஆடும்போது முதல் கார்டு யாருக்கு வருகிறதோ அவருக்கே ஆட்டம். 2000-இல் வந்த ‘லின் சிவ்வி’ என்ற கலகக்காரத் தலைவி கார்டு இதை அப்பட்டமாகக் காட்டியது. அவள் களத்துக்கு வந்தால் கட்டிலிருந்து தன் ஆட்களை ஒவ்வொருவராக இழுத்து வருவாள். செத்த கலகக்காரர்களைக் கட்டுக்கே திருப்பி அனுப்புவாள். போட்டிகளில் ஆளாளுக்கு அதே கட்டுதான். என் லின் சிவ்வி முதலில் வந்துவிட்டால் உங்கள் கையில் இருக்கிற லின் சிவ்வி நான்கும் குப்பை. ரம்மியில் சொன்ன ஆட்டின் ஏழு மாதிரியே, ஆனால் இங்கே அடைப்பது ஒரே ஒரு சீட்டை அல்ல, முழு ஆட்டத்தையும். அந்த வருடமே அந்தத் தொகுப்புக்கான போட்டிகளில் அவளைத் தடைசெய்தார்கள்.

நான்கு வருடம் கழித்து, 2004 அக்டோபரில், ஜப்பானியப் புராணங்களைத் தழுவிய ‘சாம்பியன்ஸ் ஆஃப் காமிகாவா’ தொகுப்போடு இரண்டாவது விடை வந்தது: ஒரே பெயரில் இரண்டு லெஜண்டுகள் எப்போது சேர்ந்து நின்றாலும் இரண்டுமே சுடுகாட்டுக்கு. முந்தினவர், பிந்தினவர் பேதம் போயிற்று. நியாயம் மாதிரிதான் தெரிந்தது. ஆனால் இப்போது தேசிங்கைக் கொல்லச் சிறந்த ஆயுதம் இன்னொரு தேசிங்கு. ‘உமேசாவாவின் ஜிட்டே’ என்று 2005-இல் வந்த ஓர் ஆயுதக் கார்டு அவ்வளவு பயங்கரமாக இருந்ததால், அதைப் பயன்படுத்த வேண்டிய தேவையே இல்லாதவர்களும் எதிராளியின் ஜிட்டேயை அழிப்பதற்காகவே தங்கள் கட்டில் ஜிட்டே வைத்தார்கள். ஓர் ஆயுதத்தை உடைக்க அதே ஆயுதத்தை விலைகொடுத்து வாங்குவது! கம்பெனிக்கு இதில் வருத்தம் இருந்திருக்காது.

இந்த விதியால் குளோன் கார்டுகளுக்கு வந்த யோகம் தனி. எதிரே நிற்கிற எதையாவது பார்த்து அதே உருவம் எடுப்பது குளோன். முதல் பதிப்பிலிருந்தே இருக்கிற கார்டு. லெஜண்டைப் பார்த்து உருவம் எடுத்தால் பெயரும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பெயர் ஒன்றானதும் விதி பாய்ந்து இரண்டும் சாகும். நாலு சக்தி செலவில் எப்பேர்ப்பட்ட ராஜாவையும் தீர்த்துக்கட்டலாம். உருமாறி வந்தவன் உயிரை எடுக்கிறான் என்பதில் கூத்துக்கு ஏற்ற சுவை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் புதிதாக ஆட வருபவனிடம் “உன் ராஜா செத்ததற்குக் காரணம், அவரைப் போலவே ஒருத்தர் வந்து நின்றதுதான்” என்று சொல்லிப் புரியவைப்பது லேசில்லை. மூன்று விதிகளில் இதுதான் மோசம் என்பது என் கட்சி. தர்க்கத்துக்கு அழகு, மேசையில் அநியாயம்.

2013 ஜூலையில் மூன்றாவது விடை. இனிமேல் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தனிக் கணக்கு. என் பக்கம் ஒரு தேசிங்கு, உங்கள் பக்கம் ஒரு தேசிங்கு, யாருக்கும் சேதமில்லை. என் பக்கமே இரண்டு சேர்ந்தால் நான் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைச் சுடுகாட்டில் போட வேண்டும். எது என்பது என் விருப்பம். இன்றைக்கும் இதுதான் சட்டம், விதிநூலில் 704.5 பிரிவில் இருக்கிறது. ‘பிளேன்ஸ்வாக்கர்’ என்ற மகா மந்திரவாதிக் கார்டுகள் 2007-இல் வந்தபோது அவற்றுக்குத் தனியாக ஓர் ஒற்றை விதி எழுதினார்கள். 2017-இல் அதை எடுத்துவிட்டு அவர்களையும் லெஜண்டு கணக்கில் சேர்த்தார்கள். ஒரு விதி குறைந்தது, நிம்மதி.

கதைப்படி பார்த்தால் இது பித்தலாட்டம்தான். ஒரே மனிதர் எதிரெதிர்ப் படைகளில் நின்று தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறார். ஆட ஆட அது உறைப்பதில்லை. என் கட்டில் நான் சேர்த்த கார்டு எதிராளி என்ன வைத்திருந்தாலும் எனக்குப் பயன்படும் என்ற உத்தரவாதம் கிடைத்துவிட்டது. பழைய ஆட்டக்காரர்கள் சிலர் இன்னும் காமிகாவா விதிக்காக ஏங்குவார்கள். தேர்த் திருவிழாவில் முட்டி மோதி வடம் பிடித்தவர்களுக்கு வரிசையில் நின்று பிடிப்பது சப்பென்று இருப்பது போல.

மேஜிக்கை விட்டு வெளியே வந்தால் காட்சி இன்னும் பல விதம். 1995-இல் வந்த மத்திய பூமிச் சீட்டாட்டம், டோல்கீன் கதைக்கு விசுவாசமாக, ஒற்றைப் பாத்திரம் மேசைக்கே ஒன்றுதான் என்றது. நீங்கள் அரகார்னை இறக்கிவிட்டால் என் கட்டில் உள்ள அரகார்ன் காத்திருக்க வேண்டும். அதற்குப் பரிகாரமும் வைத்திருந்தார்கள்: உங்கள் ஆளை என் செல்வாக்கால் பிரிக்க முயலும்போது, என் கையிலிருக்கும் அதே ஆளைத் திறந்து காட்டினால் என் கை ஓங்கும். முடங்கிக் கிடந்த இரட்டைக்கு ஒரு வேலை கிடைத்தது. அதே வருடம் டெசிஃபர் கம்பெனி போட்ட ஸ்டார் வார்ஸ் சீட்டாட்டம் வேறு வழி பிடித்தது. கார்டுப் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருந்தால் களத்தில் ஒன்று, இரண்டு புள்ளி இருந்தால் இரண்டு, மூன்று இருந்தால் மூன்று, புள்ளியே இல்லாவிட்டால் வரம்பில்லை. போர்வீரனுக்குப் புள்ளி கிடையாது, டார்த் வேடருக்கு ஒன்று. ஒருவர் ஒளிப் பக்கம், மற்றவர் இருள் பக்கம் என்று கட்டே பிரிந்திருந்ததால் வேடரும் வேடரும் மோதிக்கொள்ள வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. வழக்கு எழாமலே பார்த்துக்கொள்வதும் ஒரு தீர்ப்புதான்.

போக்கிமானில் களத்துக்கு ஒற்றை விதியே தேவைப்படவில்லை. பிகாச்சு என்பது ஓர் ஆளின் பெயரல்ல, இனத்தின் பெயர். நான்கு பிகாச்சு நிற்பதில் கதைக்கு ஒரு பழுதும் இல்லை. அங்கே ஒற்றை என்பது கட்டு கோக்கும்போது மட்டும்: 2012-இல் வந்த ஏஸ் ஸ்பெக், 2022-இல் வந்த ரேடியன்ட் போன்ற வகைகளில் கட்டுக்கு ஒரே ஒரு கார்டு. நான்கு என்ற வரம்பும் பெயரைத்தான் பார்க்கிறது. படம் மாறினாலும் பிகாச்சு பிகாச்சுதான். ஆனால் ‘பிகாச்சு இஎக்ஸ்’ என்று பெயரில் ஒரு வால் ஒட்டினால் அது வேறு கார்டு, இன்னொரு நான்கு வைக்கலாம். யூ-கி-ஓவில் எக்ஸோடியா என்ற பாத்திரத்தின் தலை, இரண்டு கை, இரண்டு கால் ஆகிய ஐந்து துண்டும் கட்டுக்கு ஒவ்வொன்றே. ஐந்தும் கைக்கு வந்தால் அப்போதே வெற்றி என்பதால் அந்தக் கட்டுப்பாடு. மூன்று மூன்று விட்டிருந்தால் சேர்ப்பது சுலபமாகிவிடும்.

எல்லாவற்றிலும் எனக்கு உயர்வாகத் தோன்றுவது ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ சீட்டாட்டத்தின் விதி. ஒரே ஆளின் மூன்று பிரதி வரை கட்டில் வைக்கலாம். ஒன்று களத்தில் இருக்கும்போது இரண்டாவது கையில் வந்தால், அதைக் காசு கொடுக்காமல் முதல் கார்டுக்கு அடியில் சொருகிவிடலாம். அதற்கு ‘டூப்’ என்று பெயர். அந்த ஆள் சாகப்போகிற நேரத்தில் டூப்பைக் கழித்துவிட்டு அவரைக் காப்பாற்றலாம். சினிமாவில் நாயகனுக்குப் பதிலாகக் கீழே விழுகிற டூப்பின் வேலையேதான். அந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஆள் செத்தால் அவர் போவது கழித்த கார்டுகளின் அடுக்குக்கு அல்ல, செத்தவர்களின் தனி அடுக்குக்கு. அங்கே அவர் கிடக்கும்வரை அவருடைய வேறெந்தப் பிரதியையும் நீங்கள் இறக்க முடியாது. கையில் இன்னும் இரண்டு இருக்கிறதே என்று சொல்லிப் பயனில்லை. செத்தவர் செத்தவர்தான். மேஜிக்கில் தேசிங்கு செத்தால் அடுத்த சுற்றில் கையிலிருந்து இன்னொரு தேசிங்கு சிரித்துக்கொண்டு வருவார், ஒருவருக்கும் கூச்சம் கிடையாது. இங்கே உயிருக்கு விலை இருக்கிறது, வாங்கி வைத்த இரட்டைக்கும் மரியாதை இருக்கிறது. எதிராளிக்கு இதனால் அநியாயமான அடி எதுவும் விழவில்லை.

இனி, அச்சடித்த இரட்டையை விட்டு, ஆட்டத்துக்குள்ளேயே உருவாகிற நகலைப் பார்க்கலாம். குளோன் தேசிங்கைப் பார்த்து உருவெடுக்கிறது, எதை எடுத்துக்கொள்கிறது? விதி இதில் தெளிவு: கார்டில் அச்சாகியிருப்பதை மட்டும். பெயர், விலை, வகை, எழுத்து, பலம் ஆகியவை வரும். பிற்பாடு சேர்ந்தது வராது. என் தேசிங்குக்குப் பலம் ஐந்து, மேலே பலம் கூட்டுகிற இரண்டு வலுக்காசு வைத்திருக்கிறேன், கையில் ஒரு வாளும் கொடுத்திருக்கிறேன் என்றால் குளோன் வெறும் ஐந்தோடுதான் வந்து நிற்கும். வாங்கிய அடியும் வராது, பெற்ற வரமும் வராது. பிறப்பு நகலாகும், வாழ்ந்தது நகலாகாது.

தமயந்தி சுயம்வரத்தில் இந்திரன், அக்கினி, யமன், வருணன் நால்வரும் நளன் உருவில் வந்து உட்கார்ந்தது நமக்குத் தெரிந்த கதை. ஐந்து நளன். பாதம் நிலத்தில் பட்டதையும், இமை கொட்டியதையும், மாலை வாடியதையும் வைத்து அவள் அசலைக் கண்டுபிடித்தாள். உருவம் முழுக்க வந்தாலும் ஒன்றிரண்டு அடையாளம் மட்டும் பழையபடி தங்கிவிடுகிற நகல் அது. சீட்டாட்டத்திலும் இதற்கு ஓர் இனம் உண்டு. 2005-இல் வந்த ‘சகாஷிமா’ என்ற ஏமாற்றுக்காரன் யார் உருவத்தை எடுத்தாலும் தன் பெயரை மட்டும் விடமாட்டான். பெயர் வேறென்பதால் ஒற்றை விதி அவனைத் தொடாது. அசல் பக்கத்திலேயே நின்று அதே வேலையைச் செய்வான். 2019-இன் ‘ஸ்பார்க் டபுள்’ பெயரையும் எடுத்துக்கொள்ளும், லெஜண்டு என்ற பட்டத்தை மட்டும் எடுக்காது. அதற்கும் விதி பாயாது. 2004-இல் யமாசாகி சகோதரர்கள் என்று ஒரு கார்டு வந்தது: களத்தில் சரியாக இரண்டு பேர் இருந்தால் ஒற்றை விதி அவர்களுக்குக் கிடையாது என்று கார்டிலேயே எழுதியிருந்தது. ஒரே கார்டு, ஒரே பெயர், ஆனால் ஆள் அண்ணன் தம்பி.

நகலும் ஒற்றையும் சேர்ந்து செய்த மிகப் பெரிய குறும்பு ‘டார்க் டெப்த்ஸ்’. 2006-இல் வந்த நிலக் கார்டு, லெஜண்டு வகை. பனிக்கட்டிக்கு அடியில் மாரிட் லேஜ் என்ற பூதம் உறைந்து கிடப்பதாகக் கதை. கார்டு களத்துக்கு வரும்போது பத்துப் பனிக்காசுகளோடு வரும். ஒரு காசை உருக்க மூன்று சக்தி, பத்தையும் உருக்க முப்பது. ஒரு சாதாரண ஆட்டத்தில் அவ்வளவு சேராது. காசு தீர்ந்தால் இருபது பலமுள்ள பூதம் வெளியே பறந்து வரும். எதிராளியிடம் இருப்பதே இருபது உயிர்தான். 2013-இல் ‘தெஸ்பியன்ஸ் ஸ்டேஜ்’ என்ற நாடக மேடைக் கார்டு வந்தது; இரண்டு சக்தி கொடுத்தால் அது எந்த நிலத்தைப் போலவும் மாறும். மேடை டார்க் டெப்த்ஸாக மாறுகிறது. அச்சில் உள்ளதுதான் நகலாகும் என்பதால் பனிக்காசு வரவில்லை. உடனே ஒற்றை விதி எழுந்து, இரண்டில் ஒன்றை வைத்துக்கொள் என்கிறது. ஆடுபவர் அசலைச் சுடுகாட்டில் போட்டுவிட்டு நகலை வைத்துக்கொள்கிறார். காசே இல்லாத நகல், ஆகவே பனி உருகிவிட்டதாகக் கணக்கு. பூதம் வெளியே வந்துவிடும். முப்பது சக்தி வேலை இரண்டு சக்தியில் முடிந்தது. விதி எழுதியவர்கள் அசலைக் காப்பாற்ற எழுதிய விதியால் அசல் செத்து நகல் ஜெயிக்கிறது. மேடை வந்தது வருடத் தொடக்கத்தில், விதி மாறியது ஜூலையில். பழைய விதி இருந்திருந்தால் இரண்டு நிலமும் சேர்ந்து அழிந்திருக்கும்.

மிச்சமிருப்பது மூன்றாவது வகை நகல், அதாவது போலி. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் ஃபேன்சி ஸ்டோர்களில் தொங்குகிற தங்க நிறப் போக்கிமான் கார்டுகளைப் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் வழவழப்பு, எல்லாம் ஒரே பளபளப்பு, அசல் கார்டில் எங்கும் காணமுடியாத அளவுக்கு உயிர்ப்புள்ளி, நடுவே எழுத்துப்பிழை. விதிப்படி ஆட ஒரு கட்டு கோக்க அந்தக் கார்டுகளால் முடியாது. பிள்ளைகளும் அப்படி ஆடுவதில்லை. தரையில் வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடித்து, கவிழ்ந்தால் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஆட்டத்துக்கு அது குறையில்லாத கார்டு. அசல் பாக்கெட் ஒன்று சில நூறு ரூபாய் விற்கிற ஊரில், பத்து வயதுப் பையனிடம் அறிவுசார் சொத்துரிமை பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. தெரிந்தே அதை அசல் விலைக்கு இன்னொரு பையன் தலையில் கட்டினால்தான் தப்பு.

அசலைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. நல்ல கார்டு இரண்டு தாளுக்கு நடுவில் ஓர் அடர்நிற அடுக்கை வைத்து ஒட்டியது. ஓரத்தை உற்றுப் பார்த்தால் மெல்லிய கோடு தெரியும். செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்தால் போலியில் வெளிச்சம் பளீரென்று ஊடுருவும், அசலில் மங்கும். மேஜிக் கார்டின் பின்பக்கம் ஐந்து நிறப் பொட்டுகள் இருக்கின்றன. பச்சைப் பொட்டை நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியால் பார்த்தால் உள்ளே நான்கு சிவப்புப் புள்ளி தெரிய வேண்டும். போட்டிகளில் பதிலிக் கார்டை ஆட்டக்காரரே செய்துகொண்டு வர அனுமதி இல்லை. ஆட்டத்தின் நடுவே கார்டு கிழிந்துபோனால் நடுவர் ஒன்று எழுதித் தருவார், அந்தப் போட்டிக்கு மட்டும் செல்லும். வீட்டில் ஆடத் தாளில் எழுதி வைத்துக்கொள்வதை யாரும் தடுப்பதில்லை.

கம்பெனிகளே தங்கள் கார்டை மறுபடி அச்சடித்தால் அது நகலா, அசலா? 1995-இல் மேஜிக்காரர்கள் பழைய கார்டுகளை ‘குரோனிக்கிள்ஸ்’ என்று மறுபதிப்பு போட்டதும், விலைகொடுத்துச் சேர்த்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த வருடமே, இன்னின்ன கார்டுகளை இனி அச்சடிக்க மாட்டோம் என்று ஒரு பட்டியலை வெளியிட்டுச் சத்தியம் செய்தார்கள். அந்தச் சத்தியம் இன்றும் நிற்கிறது. அதில் உள்ள பிளாக் லோட்டஸைச் சாதாரண ஆட்டக்காரர் யாரும் கையால் தொட்டுப் பார்க்கும் விலையில் இல்லை. ஆட்டத்துக்காகப் பிறந்த கார்டு பெட்டகத்துக்குப் போய்விட்டது. இதன் உச்சம் 2023: டோல்கீன் தொகுப்பில் ‘ஒன் ரிங்’ கார்டின் ஒரு பதிப்பை உலகத்துக்கே ஒன்றாக, 001/001 என்று எண் போட்டு ஏதோ ஒரு பாக்கெட்டில் ஒளித்து வைத்தார்கள். கனடாவில் ஒருவருக்குக் கிடைத்தது. பாடகர் போஸ்ட் மலோன் அதை 20 லட்சம் டாலருக்கு வாங்கினார். அதே வேலை செய்கிற சாதாரண ‘ஒன் ரிங்’ கார்டை, தடை இல்லாத ஆட்டங்களில், யார் வேண்டுமானாலும் கட்டில் வைத்து ஆடலாம். களத்தில் அதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

ஒற்றை என்ற எண்ணத்தை ஒருவர் அதன் எல்லைவரை இழுத்துப் பார்த்திருக்கிறார். வேறு யாருமில்லை, கார்ஃபீல்டுதான். 2018-இல் அவர் வடிவமைத்து வந்த ‘கீஃபோர்ஜ்’ ஆட்டத்தில் கார்டு ஒற்றையல்ல, கட்டே ஒற்றை. கடையில் வாங்குகிற ஒவ்வொரு கட்டும் கணினி நிரல் கோத்த தனிக் கலவை, உலகில் இன்னொன்று கிடையாது. கட்டின் பெயர் எல்லாக் கார்டின் முதுகிலும் அச்சாகியிருக்கும், ஆகவே ஒரு கார்டை உருவி வேறு கட்டில் சேர்க்க வழியில்லை. ஒரே கட்டுக்குள் ஒரு கார்டு இரண்டு மூன்று தடவை வரலாம். அதற்கு நிரல்தான் பொறுப்பு, ஆடுபவரின் பணப்பை அல்ல. வலுவான கட்டுகளை அதிக விலைக்குத் தேடி வாங்குவது இங்கேயும் நடந்தது. அப்படிப்பட்ட கட்டுக்குச் சங்கிலி என்ற பெயரில் ஒரு பாரம் ஏற்றி, கையில் எடுக்கும் கார்டைக் குறைத்துச் சமன்செய்தார்கள். 2021 செப்டம்பரில் ஆட்டத்தை வெளியிட்ட கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது: கட்டு கோக்கிற நிரல் கெட்டுவிட்டது, முதலிலிருந்து புதிதாக எழுத வேண்டும், அதுவரை புதுத் தொகுப்பு வராது. அடுத்த வருடம் ஆட்டத்தின் உரிமையை கோஸ்ட் கேலக்ஸி என்ற வேறொரு கம்பெனி வாங்கிக்கொண்டது.